ராணியைப் பிடித்துவிட்டால் கறையான் ஒழியுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை பெய்த மறுநாள் சாயங்காலம் தோட்டத்துப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பி வீடெல்லாம் இறக்கையை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறது. கொஞ்ச நாளில் வாசக்காலில் மண்கோடு ஏறியிருக்கிறது. பார்க்க வந்தவர், புற்றை வெட்டி ராணியை எடுத்துவிட்டால் தலைமை இல்லாமல் மொத்தக் கூட்டமும் சிதறிவிடும் என்கிறார். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற புற்றில் கடப்பாரை படக் கூடாது என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே பார்த்தால் இது மருந்தடிக்கிற கேள்வி. ஆனால் கடைசி வரியில் கேட்டீர்களே, "சமையலறையில் போகிற எறும்பு வரிசைக்கும் இப்படி ஒரு ராணிதான் உத்தரவு போடுகிறாளா" என்று, அதுதான் அசல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால், உங்கள் தோட்டத்து ராணியை என்ன செய்வது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

நான் பூச்சியியல் படித்துவிட்டு, வேலைக்காலத்தின் பெரும்பகுதியைப் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும், புதுச்சேரியைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளிலும் கழித்தவன். வீடுகளுக்கு மருந்தடிப்பது என் தொழில் இல்லை. ஆகவே பூச்சிகளின் வாழ்க்கையைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டுச் சிகிச்சை பற்றிச் சொல்வதை, உரிமம் உள்ள ஒருவரிடம் பேசுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். எறும்பும் கறையானும் சொந்தக்காரர்கள் இல்லை. எறும்பு, குளவியும் தேனீயும் இருக்கிற வம்சம். கறையான், கரப்பான்பூச்சி வம்சம். மரபணுக்களை ஒப்பிட்டு 2007-ல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு, கறையான்களுக்கு இருந்த தனி வரிசையையே நீக்கி, கரப்பான் வரிசைக்குள் சேர்த்துவிட்டார்கள். மரத்தைத் தின்று, குட்டிகளோடு சேர்ந்து வாழும் ஒருவகைக் காட்டுக் கரப்பான்தான் கறையானுக்கு இன்று இருக்கும் மிக நெருங்கிய உறவு. இது வெறும் பெயர்ப் பட்டியல் விஷயமில்லை. எறும்புப் புற்றில் வேலை செய்வது அத்தனையும் பெண்கள். ஆண் எறும்பு கருவுறாத முட்டையிலிருந்து வருகிறது, பறந்துபோய் இணை சேர்ந்ததும் செத்துவிடுகிறது. கறையானில் வேலைக்காரர்களிலும் சிப்பாய்களிலும் ஆண், பெண் இரண்டும் உண்டு. ராணியோடு ராஜாவும் கடைசிவரை அதே அறையில் இருக்கிறது. எறும்புக் குஞ்சு கால் இல்லாத புழு, தன்னால் நகரக்கூட முடியாது. கறையான் குஞ்சு பிறக்கும்போதே கறையான் வடிவத்தில் இருக்கும், சட்டை உரித்து உரித்துப் பெரிதாகும். இந்தச் சட்டை உரித்தலை நினைவில் வையுங்கள், மருந்து பற்றிப் பேசும்போது தேவைப்படும். இரண்டு வம்சங்களும் தனித்தனியாக, ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளாமல், ஒரே மாதிரிக் கூட்டு வாழ்க்கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. என்னை இன்னும் வியக்க வைக்கிற விஷயம் இதுதான்.

நீங்கள் பார்த்த ஈசல், அந்தப் புற்றின் இளைய தலைமுறை. ஈசலுக்கு ஒரு நாள் வாழ்வு என்று சொல்வார்கள். பெரும்பாலானவற்றுக்கு அது உண்மை. காக்கை, பல்லி, தவளை தின்றதுபோக, நம் பக்கத்துக் கிராமங்களில் விளக்கு வைத்துப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்பதும் உண்டு. தப்பிய ஒரு பெண், இறக்கையை உதிர்த்துவிட்டு நடக்கும், பின்னாலேயே ஒரு ஆண் ஒட்டிக்கொண்டு போகும். இரண்டும் ஈரமண்ணில் குழி பறித்து உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். அந்த ஜோடி பிழைத்தால் பத்து வருஷத்துக்கு மேலும் வாழ முடியும். ஆகவே வீட்டுக்குள் இறக்கை கிடந்ததை மட்டும் வைத்து வீட்டில் கறையான் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். வெளிச்சத்துக்கு வந்தவை அவை. வாசக்காலில் ஏறிய மண்கோடு வேறு விஷயம், அதுதான் கவலைப்பட வேண்டியது.

சரி, யார் உத்தரவு போடுகிறார்கள்? யாரும் இல்லை. ராணிக்கு வயிறு ஊதி, சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, தானாக இடம்விட்டு இடம் போகக்கூட முடியாத நிலை. அவள் வேலை முட்டையிடுவது, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில். வாயில் ஊட்டுவதும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதும், முட்டைகளை எடுத்துக்கொண்டு போவதும் வேலைக்காரர்கள். புற்றுக்குள் இருட்டு, வேலைக்காரர்களுக்குக் கண்ணும் கிடையாது. எங்கே சுவர் உடைந்தது, எந்தப் பக்கம் உணவு குறைந்தது என்று ராணிக்குத் தெரிய வழியே இல்லை. அவள் உடம்பிலிருந்து கசியும் வாசனைகள் மட்டும் கூட்டம் முழுக்கப் போய்ச் சேருகின்றன. "ராணி உயிரோடு இருக்கிறாள், முட்டையிடுகிறாள்" என்கிற தகவல்தான் அதில் இருக்கிறது. ஜப்பானில் ஒரு கறையான் இனத்தில் அந்த வாசனையைப் பிரித்தெடுத்து, அது இருக்கும்வரை வேறு பெண்கள் முட்டையிடும் நிலைக்கு வளர்வதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அவள் செலுத்துகிற அதிகாரம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு நல்ல விளக்கம் தந்தவர் பிரெஞ்சுக்காரரான பியேர்-பால் கிராசே. 1959-ல் அவர் சொன்னது: கறையானுக்குக் கட்டளை இன்னொரு கறையானிடமிருந்து வருவதில்லை, அரைகுறையாக நிற்கும் வேலையிடமிருந்தே வருகிறது. ஒன்று எச்சில் கலந்த மண் உருண்டையை ஓரிடத்தில் வைக்கிறது. அந்த உருண்டை அங்கே இருப்பதே அடுத்ததை அதன்மேல் உருண்டை வைக்கத் தூண்டுகிறது. மார்கழியில் தெரு அடைத்துப் போடுகிற கோலத்தில், முன்னவர் விட்ட இடத்தைப் பார்த்துப் பின்னால் வந்தவர் பேசாமல் இழையைத் தொடர்வதுபோல. இரண்டு தூண் பக்கத்தில் பக்கத்தில் எழுந்தால் உச்சியில் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து வளைவாகிவிடுகிறது. எந்தக் கறையான் தலைக்குள்ளும் வளைவின் வரைபடம் கிடையாது.

இந்த அடிப்படையை இன்று யாரும் மறுப்பதில்லை. நுணுக்கத்தில்தான் சண்டை. அந்த உருண்டையில் "இங்கே வை" என்று இழுக்கும் வாசனைப் பொருள் கலந்திருக்கிறது என்று நீண்டகாலம் பாடப்புத்தகங்களில் எழுதினார்கள். அண்மை ஆண்டுகளின் சோதனைகளில் சில, வாசனையைவிட மண்ணின் ஈரம், சுவர் வளைந்திருக்கும் விதம் ஆகியவையே போதுமான தூண்டுதல் என்று காட்டுகின்றன. இது இன்னும் முடிவாகவில்லை. புற்று மூச்சுவிடும் விதத்திலும் அப்படியே. உள்ளிருக்கும் கூட்டத்தின் உடற்சூடு காற்றை மேலே தள்ளுகிறது என்றார்கள் ஒரு காலத்தில். ஆப்பிரிக்கப் புற்றுகளில் வெளிக்காற்று அழுத்தம் முக்கியம் என்றார்கள் வேறு சிலர். நம் தென்னிந்தியப் புற்றுக் கறையானான ஒடோன்டோடெர்மஸ் ஒபீசஸில் பெங்களூரில் அளந்து 2015-ல் வெளியிட்ட முடிவு இரண்டிலிருந்தும் மாறுபட்டது. பகலில் புற்றின் வெளி மடிப்புகள் உள்மையத்தைவிடச் சீக்கிரம் சூடாகின்றன, இரவில் சீக்கிரம் குளிர்கின்றன. அந்த வேறுபாட்டால் காற்று பகலில் ஒரு திசையிலும் இரவில் எதிர்த் திசையிலும் சுழன்று, உள்ளே சேர்ந்த கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. உங்கள் தோட்டத்தில் இருப்பது கோபுரம் கோபுரமாக மடிப்பு விட்ட புற்று என்று எழுதியிருப்பதால் இந்த முடிவு அதற்குப் பொருந்த வாய்ப்பு அதிகம். எல்லாப் புற்றும் குளிர்சாதன எந்திரம் என்று பரவும் செய்திகளை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

அந்தப் புற்றுக்குள் நடக்கும் விவசாயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது உங்கள் பிரச்சினைக்கும் சம்பந்தப்பட்டது. இந்தக் கறையான்களால் மரத்தைத் தனியாகச் செரிக்க முடியாது. சருகையும் கட்டையையும் மென்று விழுங்கி, அரைகுறையாகச் செரித்த நிலையில் கழித்து, அதைக் கொண்டு சந்து சந்தாக மடிப்புள்ள பழுப்பு அடைகள் செய்கின்றன. அதன்மேல் டெர்மைட்டோமைசிஸ் என்ற காளானை வளர்க்கின்றன. காளான் அந்த அடையை இளக்கிக் கொடுக்கிறது. வெள்ளை வெள்ளையாய்த் திரளும் சிறு உருண்டைகளை இளம் வேலைக்காரர்கள் தின்கின்றன, பழுத்த அடையை மூத்தவை தின்கின்றன. மழைக்குப் பிறகு புற்றின்மேல் முளைக்கும் புற்றுக்காளான் இதே பயிரின் தலைதான். சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கிற விவசாயம் இது. இதை முதலில் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் நம் கடற்கரையில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் மருத்துவராக இருந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், புற்றுகளைப் பிரித்துப் பார்த்து, உள்ளிருந்த காளான் அடைகளைப் பற்றி 1779-ல் எழுதினார். ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி லண்டனில் பெரிதும் பேசப்பட்ட ஸ்மீத்மனின் கட்டுரை வந்தது அதற்குப் பிறகு, 1781-ல்.

எறும்பு வரிசைக்கு வருகிறேன். உங்கள் சமையலறையில் முதலில் சர்க்கரையைக் கண்ட எறும்பு திரும்பும்போது வயிற்றைத் தரையில் தொட்டுத் தொட்டு வாசனைக்கோடு இழுத்துக்கொண்டே போகிறது. கோட்டை மோந்து வந்தவையும் தின்றுவிட்டுத் திரும்பும்போது தங்கள் பங்குக்கு இழுக்கின்றன. சர்க்கரை தீர்ந்தால் வெறும் வயிற்றோடு திரும்புகிறவை இழுப்பதில்லை, கோடு ஆவியாகிப் போகும். 1989-ல் பிரசெல்ஸ் பல்கலைக்கழகத்தினர் எறும்புகளுக்குக் குட்டைப் பாதை ஒன்று, நெட்டைப் பாதை ஒன்று என இரண்டு பாலம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரும்பாலானவை குட்டைப் பாதையில் போயின. எந்த எறும்பும் இரண்டையும் அளந்து பார்க்கவில்லை. குட்டைப் பாதையில் போனவை சீக்கிரம் திரும்பியதால் அங்கே வாசனை சீக்கிரம் அடர்ந்தது, அவ்வளவுதான். அமெரிக்கப் பாலைவனத்து விதை சேர்க்கும் எறும்புகளைப் பல்லாண்டு கவனித்த டெபோரா கார்டன் இன்னொன்று காட்டினார். வாயில் விதையோடு திரும்புகிறவை எவ்வளவு அடிக்கடி வந்து மீசையால் தொடுகின்றன என்பதை வைத்துத்தான் உள்ளே காத்திருப்பவை வெளியே கிளம்புவதா வேண்டாமா என்று இருக்கின்றன.

எறும்பைச் சுறுசுறுப்புக்கு உதாரணம் காட்டுகிறோம். ஒருவகைச் சிறு எறும்பின் கூட்டில் ஒவ்வொன்றுக்கும் வண்ணப் புள்ளி வைத்துக் கவனித்தபோது, ஏறக்குறைய பத்தில் நான்கு எந்த நேரமும் சும்மாவே நின்றன. மும்முரமாக உழைத்தவற்றை எடுத்துவிட்டபோது சும்மா நின்றவற்றில் சில அந்த இடத்துக்கு வந்தன. இது ஒரு இனத்தில் கண்டது, எல்லா எறும்புக்கும் நீட்டக் கூடாது. ஆனால் கூட்டத்தில் சிலவற்றைக் கொன்றால் வேலை நிற்காது என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படியானால் ராணியே போய்விட்டால்? இதற்கு ஒரே பதில் கிடையாது, இனத்துக்கு இனம் மாறும். நம் தென்னிந்தியக் காடுகளில் ஹார்பெக்னாதோஸ் என்ற, நீண்ட தாடையுள்ள குதிக்கும் எறும்பு இருக்கிறது. சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டான் 1851-ல் விவரித்த இனம். அதில் ராணி செத்தால் வேலைக்காரிகள் வாரக்கணக்கில் மீசையால் அடித்துச் சண்டை போடுகின்றன. வென்ற சிலவற்றுக்குச் சூலகம் வளர்கிறது, மூளையின் அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, ஆயுள் மாதங்களிலிருந்து ஆண்டுகளுக்கு நீள்கிறது. அவை முட்டையிடத் தொடங்கிக் கூட்டம் தொடர்கிறது. முசுறு எறும்பில் இப்படி இல்லை. முந்திரி, மாமரங்களில் இலையைக் குஞ்சின் பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டுமே, அதுதான். பல மரங்களில் பரவிய கூட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரே ராணி, அவள் போனால் கூட்டம் மெல்லத் தேய்ந்துபோகும்.

கறையானிலும் இரண்டு விதமும் உண்டு. வீடுகளை அதிகம் கெடுக்கும் காப்டோடெர்மஸ் வகையில் ராணி போனால் வளர்ந்துகொண்டிருக்கும் குஞ்சுகளில் சில, இறக்கை முளைக்காமலே முட்டையிடும் நிலைக்கு வந்துவிடுகின்றன. மேலும் இது நம் ஊரில் புற்றுக் கட்டுவதே இல்லை, மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் கூடு வைக்கிறது. புற்றுக் கறையானில் மாற்று ராணி வருவது அவ்வளவு சுலபமில்லை. ஈசலாகக் காத்திருப்பவை உள்ளே இருந்தால் அவற்றில் ஒன்று இடத்தைப் பிடிக்கலாம். சில புற்றுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ராணிகளும் உண்டு. எதுவுமே இல்லாவிட்டாலும், இருக்கிற வேலைக்காரர்கள் சிதறி ஓடப் போவதில்லை. ஆயுள் தீரும்வரை அதே வேலையைச் செய்துகொண்டு உங்கள் வாசக்காலையும் அரித்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே உங்கள் வீட்டுக்கு வந்தவர் சொன்ன தலைமை, படை, சிதறல் எதுவும் நடக்காது. மாமியார் காரணம் வேறாகச் சொன்னாலும், இந்த விஷயத்தில் கடப்பாரை வேண்டாம் என்பதே என் பதிலும். வாசக்காலில் இருப்பது தோட்டத்துப் புற்றைச் சேர்ந்ததுதானா என்பதே இன்னும் தெரியாதபோது அதை இடித்துப் பயன் என்ன?

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் போட்ட படத்தில் வேலைக்காரர்கள் மட்டும் இருக்கின்றன. அவற்றை வைத்து யாராலும் இனம் சொல்ல முடியாது, சிப்பாய் வேண்டும். மண்கோட்டை இரண்டு அங்குலம் சுரண்டிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள், உடைந்த இடத்துக்குத் தலை பெருத்தவை வந்து நிற்கும். குச்சியால் தொட்டால் நெற்றியிலிருந்து பால்போல ஒரு துளி கசிந்தால் அது காப்டோடெர்மஸாக இருக்க வாய்ப்பு அதிகம். இடப்பக்கத் தாடையில் ஒரு பல் தெரிந்தால் ஒடோன்டோடெர்மஸ், அதாவது புற்றுக் கறையான். மண்கோடே இல்லாமல் மரத்தின் கீழே கசகசா அளவில், பட்டை தீட்டியதுபோல ஆறு பக்கம் உள்ள உருண்டைகள் கொட்டிக் கிடந்தால் அது உலர்மரக் கறையான். அதற்கு மண்ணோடு தொடர்பே கிடையாது, சிகிச்சையும் வேறு.

மருந்து என்று வரும்போது, கட்டளையை உடைக்க முயல்வதைவிட அவற்றின் பழக்கத்தைப் பயன்படுத்துவதே பலன் தரும். கறையான்கள் வாயோடு வாய் உணவைப் பகிர்கின்றன, ஒன்றை ஒன்று நக்குகின்றன. பட்டவுடன் கொல்லும் மருந்தை மண்கோட்டில் பீய்ச்சினால் அங்கே இருந்தவை மட்டும் சாகும், மற்றவை அந்த வழியை அடைத்துவிட்டு வேறு பக்கம் ஏறும். மெதுவாக வேலை செய்வதைத் தின்னக் கொடுத்தால் அவையே உள்ளே கொண்டுபோய்ப் பகிரும். இப்படித்தான் 1990-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நான்-யாவ் சூ, சட்டை உரிக்க முடியாமல் செய்யும் ஹெக்சாஃப்ளுமுரான் கலந்த தீனி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். காப்டோடெர்மஸுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. காளான் வளர்க்கும் கறையான்களிடம் பலன் அதே அளவுக்கு உறுதியாக இல்லை. சுவரோரம் துளையிட்டு மண்ணில் மருந்து செலுத்துவது நம் ஊரில் வழக்கமான முறை. அதற்கு ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது, ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கானது அதன் மூன்றாம் பகுதி. வருகிறவர் அதைப் பின்பற்றுகிறாரா என்று கேளுங்கள். மண்ணெண்ணெயோ மருந்தோ புற்றில் குடம் குடமாய் ஊற்ற விடாதீர்கள். நம் கரையோர மணற்பாங்கில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை, ஊற்றியது கைப்பம்பில்தான் வந்து சேரும். எறும்பு இருந்தால் கறையான் வராது என்பதையும் பெரிதாக நம்ப வேண்டாம். எறும்பு கறையானைத் தின்னும், உண்மைதான். அந்த மண்கோடே வறட்சிக்கும் எறும்புக்கும் எதிரான கூரைதான், அதற்குள் எறும்பால் சுலபமாக நுழைய முடியாது.

இதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாசக்காலைச் சுற்றி ஒழுகும் குழாய், சுவரில் சாய்த்த விறகு, மண்ணில் புதைந்த கட்டை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது நம் பக்கம் சாய்ந்த மரங்கள் கணக்கில்லை. அடிக்கட்டையைத் தோண்டாமல் மண்ணடித்து மனை போட்ட இடங்களில் பிற்பாடு கறையான் தொல்லையைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். உங்கள் மனையில் பழைய முந்திரியோ பலாவோ இருந்ததா என்று விசாரியுங்கள். வீட்டை ஒட்டி இல்லாமல் தள்ளியிருக்கும் புற்று அப்படியே இருக்கட்டும். உலகில் அறியப்பட்ட சுமார் 3000 கறையான் இனங்களில் வீட்டைத் தொடுபவை ஒரு சிறு பகுதிதான். நம் தோப்புகளில் விழும் சருகையும் பட்டையையும் மண்ணாக்குவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

சிப்பாய்களில் ஐந்தாறைப் பிடித்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு வையுங்கள். எந்தத் தேதியில், எந்த மரத்திலிருந்து எடுத்தது என்று பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள், பேனா மை கரைந்துவிடும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வேளாண் புலத்தில் பூச்சியியல் துறை இருக்கிறது, அங்கே காட்டிக் கேட்கலாம். முடியாவிட்டால் சிப்பாயின் தலையை நேர்மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள், தாடை தெளிவாகத் தெரிந்தால் போதும்.